கண்ணாடிப் பெட்டியில் ஒரு செம்புக் குழாய்

எங்கள் பிரிவின் ஆண்டு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பிள்ளைகள் கேட்டார்கள். வெடிகுண்டுப் பிரிவில் எனக்குக் கீழே வேலை பார்த்து, இப்போது தோளில் நட்சத்திரம் கூடிப்போன பிள்ளைகள். புதிதாக ஏதோ கருவி வந்திருக்கிறதாம். அதைத் தரைமேல் தள்ளிக்கொண்டு போனால் போதும், மண்ணுக்குள் கிடப்பது என்னவென்று அதுவே பெயரோடு சொல்லிவிடுமாம். அதனால் பெயர் தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டைப் பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்றார்கள். பயிற்சிக் கூடத்துக் கண்ணாடிப் பெட்டியில் இருக்கும் செம்புக் குழாயைப் பற்றி எழுதச் சொல்லி, தலைப்பையும் அவர்களே கொடுத்தார்கள். மலையாளத்தில் எழுதிக் கொடுத்துவிட்டேன். வீரம், விழிப்பு, கூட்டு முயற்சி எல்லாவற்றையும் அளவாகத் தூவியிருந்தேன். ரொம்ப நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள்.

அங்கே எழுத முடியாததை இங்கே தமிழில் எழுதுகிறேன். எங்கள் பிரிவில் தமிழ் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான் இருந்தேன், நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். இதைவிடப் பத்திரமான மொழி எனக்குக் கிடைக்காது.

பிறந்தது வளர்ந்தது எல்லாம் திருவனந்தபுரம் கரமனையில். பெயர் தாணுமாலயன். பெயரைக் கேட்டதுமே நாஞ்சில் நாட்டு வேர் தெரிந்துவிடும் என்பதால் யாரும் ஊரைக் கேட்டதில்லை. போலீசில் சேர்ந்து லத்தியோடு சில வருடம், ஆயுதக் கிடங்கில் சில வருடம், அப்புறம் வடக்கே ஒரு முகாமில் வெடிகுண்டுப் பயிற்சி. அங்கே கற்றுக்கொண்டதை ஒரே வரியில் சொல்லிவிடலாம். தெரியாத பொருளைத் தொடாதே, தெரிந்த பொருளைத் தொடவே தொடாதே. மீதி நாட்களில் சப்பாத்தி தின்னக் கற்றுக்கொண்டோம்.

வெடிகுண்டுப் பிரிவு என்றால் தினமும் சிவப்பு வயரா பச்சை வயரா என்று வியர்த்துக்கொண்டிருப்போம் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். உண்மையில் அது மறதிக்காரர்களின் சாமான்களைத் திருப்பிக் கொடுக்கும் உத்தியோகம். தம்பானூர் பஸ் நிலையத்தில் ஆளில்லாத பெட்டி என்று ஓடுவோம். மணல் மூட்டை அடுக்கி, கயிறு கட்டி இழுத்துத் திறந்தால் உள்ளே பலாச்சுளை வறுவல் இருக்கும். ஆற்றுக்கால் கோவில் பொங்காலை அன்று நகரத்துச் சாலை முழுக்கச் செங்கல் அடுப்பும் பானையும்தான். அன்றைக்குப் பார்த்து ஒரு புண்ணியவான் போன் செய்து, அடுப்புக்குப் பக்கத்தில் பச்சை நிறத்தில் சந்தேகத்துக்குரிய பை இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தால் கண்ணுக்கெட்டின தூரம் வரைக்கும் பச்சைப் பை. ஏதோ கடைக்காரர் அரிசியும் வெல்லமும் வாங்கியவர்களுக்கெல்லாம் ஒரே நிறத்தில் பை கொடுத்திருக்கிறார். எறும்புகள் என் கையைக் கடித்ததுதான் அன்றைய மொத்தச் சேதம்.

இப்படிப்பட்ட பிரிவுக்கு இன்ஸ்பெக்டராக வந்தவர்தான் சசிதரன் சார். அவரைப் பற்றி நிதானமாகத்தான் சொல்ல வேண்டும், ஏனென்றால் அவர் எதையும் நிதானமாகத்தான் செய்வார். இஸ்திரி மடிப்பு கலையாத சட்டை. பின் பாக்கெட்டில் ஒரு சின்னச் சீப்பு. யோசிக்க வேண்டியது வந்தால் சீப்பை எடுத்துத் தலையை வாரிக்கொள்வார். பிரச்சினை பெரியதா சின்னதா என்பதை அவர் எத்தனை முறை வாருகிறார் என்பதை வைத்து நாங்கள் தெரிந்துகொள்வோம். என்னிடம் மட்டும் தமிழில் பேசுவார். அதாவது, தான் பேசுவது தமிழ் என்பது அவருடைய நம்பிக்கை.

சாருக்கு உயிர் மூச்சு என்றால் அது கருவியைச் சரிபார்ப்பதுதான். இங்கே கடலோர மண்ணில் கறுமணல் கலந்திருக்கும். மெட்டல் டிடெக்டரைத் தரைமேல் கொண்டுபோனால் அந்த மணலையே இரும்பென்று நினைத்து அது முனகிக்கொண்டே இருக்கும். அதனால் ஒவ்வொரு மைதானத்திலும் வேலை தொடங்கும் முன்னால், நமக்குத் தெரிந்த ஒரு உலோகத் துண்டை ஒரு சாண் ஆழத்தில் புதைத்து, மணலுக்கு வாய் மூடி அந்தத் துண்டுக்கு மட்டும் கத்தும்வரை கருவியின் குமிழைத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குச் சோதனைத் துண்டு என்று பெயர். கம்பெனி கொடுத்தது பிளாஸ்டிக் குச்சியில் செருகிய ஒரு இரும்புக் குண்டு. சாருக்கு அது பிடிக்கவில்லை.

"எடோ தாணு, பாம் வைக்கிறவன் இரும்புக் குண்டா வைக்கிறான்? டெட்டனேட்டர் அல்லே வைக்கிறான்? அது போலத்தன்னெ வேணும்."

டெட்டனேட்டர் என்பது வெடிமருந்துக்கு உசுப்பேற்றும் விரல் நீளக் குழாய். சார் என்னையும் கூட்டிக்கொண்டு எங்கள் ஊர்ச் சாலைக் கடைத்தெருவில் ஒரு லேத் பட்டறைக்குப் போய், அதே அளவில் ஐந்து செம்புக் குழாய்களைக் கடைந்து வாங்கினார். உள்ளே மெழுகு. ஒரு முனையில் இரண்டு துண்டு வயர். பார்த்தால் பெற்ற தாய்க்கே வித்தியாசம் தெரியாது. அதனால், நிஜத்திலிருந்து பிரித்தறிய ஒரு அடையாளம் வேண்டுமென்று, குழாயின் ஒரு முனையில் அடுத்தடுத்து இரண்டு மெல்லிய வளையங்களைக் கீறச் சொன்னார். "ரெண்டு வளையம் கண்டா பேடிக்கண்டா. அது நம்முடெ சாதனம்" என்று, அதாவது பயப்பட வேண்டாம் என்று, எங்களுக்குப் பாடம் எடுத்தார். இன்னொரு பாடமும் உண்டு. மண்ணில் புதைத்ததை எடுக்காமல் மைதானத்தை விட்டு நகரக்கூடாது. இந்த இரண்டாவது பாடத்தை அவர் எடுக்காத நாளே கிடையாது.

சும்மா சரிபார்ப்பதோடு நிற்கமாட்டார். எங்களைத் திரும்பி நிற்கச் சொல்லிவிட்டு, குழாயை எங்கேயாவது தானே புதைத்து வைப்பார். நாங்கள் கண்டுபிடிக்க வேண்டும். விழிஞ்ஞம் போகிற வழியில் கடலை ஒட்டி ஒரு பள்ளி மைதானம் உண்டு. பெரிய மனிதர்கள் அந்தப் பக்கம் வந்தால் ஹெலிகாப்டர் அங்கேதான் இறங்கும். ஒருமுறை அங்கே சார் குழாயைப் புதைத்துவிட்டு எங்களைத் தேடச் சொன்ன நேரத்தில், சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே ஹெலிகாப்டர் வந்துவிட்டது. மணல் பறந்தது, சாரின் தொப்பியும் பறந்தது. வந்தவர் போன பிறகு நாங்கள் எல்லோருமாகச் சேர்ந்து மதிலுக்கு அந்தப் பக்கம் வரை போய்த் தொப்பியைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தோம். சார் மிகவும் சந்தோஷப்பட்டார். அடுத்த வாரம், இனிமேல் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் குச்சியையே பயன்படுத்தலாம், அதுதான் விஞ்ஞானபூர்வமானது என்று உத்தரவு போட்டார். மிச்சச் செம்புக் குழாய்கள் எங்கள் வண்டியில் கிடந்த பச்சை டிரங்குப் பெட்டிக்குள் போயின. சாருக்கு விஞ்ஞானத்தின் மேல் வந்த திடீர்ப் பாசத்தைப் பற்றி நான் அப்போது யோசிக்கவில்லை.

வருடங்கள் ஓடின. சார் டிஎஸ்பி ஆனார், நான் சப் இன்ஸ்பெக்டர் ஆனேன். பழைய ஆட்களில் சிலர் மாற்றலாகிப் போனார்கள், சிலர் ஓய்வு பெற்றார்கள். அப்போதுதான் மிகப் பெரிய மனிதர் ஒருவர் துறைமுகத்தைப் பார்க்க வருவதாக ஏற்பாடாயிற்று. அதே பள்ளி மைதானம். பாதுகாப்புப் பொறுப்பு சசிதரன் சாருக்கு. மறுநாள் வருகை, முந்தின நாள் காலையில் நாங்கள் மைதானத்தைக் கழுவித் துடைக்கிற மாதிரி பார்க்க வேண்டும்.

அந்த வேலையைப் பார்த்தவர்களுக்குத்தான் அதன் அலுப்பு தெரியும். மைதானத்தைக் கயிறு கட்டிச் சந்து சந்தாகப் பிரிப்போம். ஒரு சந்துக்கு ஒரு ஆள். கருவியின் வட்டத் தலையைத் தரையில் படாமலும் உயராமலும், கோலம் போடுகிறவள் கை மாதிரி, இடமும் வலமும் ஒரே சீராக வீச வேண்டும். போன வீச்சின் பாதியை இந்த வீச்சு மறுபடி தொட வேண்டும். காதில் ஹெட்போன். சோடா மூடிக்கு ஒரு சத்தம், துருப்பிடித்த ஆணிக்கு ஒரு சத்தம், பிள்ளைகள் தொலைத்த காம்பசுக்கு ஒரு சத்தம். பள்ளி மைதானம் என்பதால் காம்பசுக்குப் பஞ்சமே இல்லை. அந்தப் பள்ளியில் ஒரு பிள்ளையாவது ஒழுங்காக வட்டம் போட்டிருக்குமா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

தடுப்பு வேலிக்குத் தோண்டின ஒரு குழிக்குப் பக்கத்தில், குவித்து வைத்த மண்ணில் பிஜுவின் கருவி கத்தியது. பிஜு நல்ல பையன், புதிதாக வந்த கான்ஸ்டபிள். சொல்லிக்கொடுத்தபடியே அசையாமல் நின்று கையைத் தூக்கினான். எல்லோரும் வந்த வழியிலேயே பின்வாங்கினோம். மோப்ப நாய் ராணியைக் கூட்டி வந்தார்கள். எங்கள் நாய்கள் வெடிமருந்தைக் கண்டால் குரைக்காது, உட்காரும். அதுதான் அடையாளம். ராணி மண்ணை மோந்து பார்த்தது, கூடாரத் துணியின் நிழல் விழுந்த இடத்தைப் பார்த்தது, அங்கே போய் உட்கார்ந்துவிட்டது. வெயிலுக்காகத்தான் உட்கார்ந்தது என்று அதைப் பழக்கினவர் தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். யார் கேட்டார்கள்? நாய் உட்கார்ந்துவிட்டது என்று வயர்லெஸில் போய்விட்டது.

குண்டு உடுப்பை மாட்டிக்கொண்டு நான்தான் போனேன். அந்த உடுப்பைப் போட்டால் ஆள் நடப்பதில்லை, பீரோ நடக்கிறது. மரக்குச்சியால் சாய்வாகக் குத்திக் குத்தி மண்ணை விலக்கினேன். பாசிபிடித்த பச்சை நிறத்தில், மணல் ஒட்டி உருண்டு, விரல் நீளத்தில் ஏதோ இருந்தது. முகக் கண்ணாடி வியர்வையில் மூடிப்போனதால் அதற்கு மேல் தெரியவில்லை. எக்ஸ்ரே தகட்டைப் பக்கத்தில் நிறுத்தி வைத்துவிட்டுத் திரும்பினேன்.

படம் கூடாரத்தில் இருந்த லேப்டாப்பில் விழுந்தது. நான் உடுப்பைக் கழற்றித் தண்ணீர் குடிப்பதற்குள் அங்கே அறிஞர்கள் கூடிவிட்டார்கள். வடக்கிலிருந்து முன்கூட்டியே வந்திருந்த பாதுகாப்பு நிபுணர் ஒருவர், டெட்டனேட்டர்தான், அதிலும் சாதாரணமானது இல்லை என்றார். "இவ்வளவு சுத்தமான கடைசல் வேலை இந்தியாவிலேயே கிடையாது. நிச்சயம் வெளிநாடு" என்று ஆங்கிலத்தில் சொன்னார். சாலைக் கடைத்தெரு இந்தியாவுக்கு வெளியே போனது அன்றுதான்.

உள்ளூர் அமைச்சரின் தனிச் செயலாளர் வேறு கட்சி. "இது கூடோத்ரம் தன்னெ" என்றார். கூடோத்திரம் என்றால் செய்வினை. எதிராளியின் காலடி படும் இடத்தில் செம்புத் தகட்டைச் சுருட்டிப் புதைப்பது இங்கே பழைய வழக்கம். அமைச்சர் மேடைக்கு மேடை மூடநம்பிக்கையை ஒழிக்கிறவர். அதனால் செயலாளர் ரகசியமாகத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் போய், படத்தைத் தனக்குத் தெரிந்த ஒரு ஜோசியருக்கு வாட்ஸாப்பில் அனுப்பினார். அமைச்சர் வடக்கு வழியாக நுழைந்தால் தோஷமில்லை என்று பதில் வந்தது. உடனே பாதுகாப்புக் காரணங்களுக்காக நுழைவாயிலை வடக்குக்கு மாற்றச் சொல்லி உத்தரவு வந்தது.

இதுவரைக்கும் சிரிக்கலாம். இனிமேல் முடியாது.

அந்தக் குழியைத் தோண்டியது யார் என்று கேட்டார்கள். பந்தல் ஒப்பந்தக்காரர் ஒரு ஆளைப் பிடித்து முன்னால் தள்ளினார். சுடலைமுத்து. சங்கரன்கோவில் பக்கம். நாற்பத்தைந்து வயது இருக்கும், தலையில் துண்டு, கையில் இன்னும் கடப்பாரை. கேள்வி மலையாளத்தில் வந்தது, பதில் அவசர அவசரமாகத் தமிழில் போனது. அவசரமாகப் பேசுகிறான், அதனால் மறைக்கிறான் என்று நிபுணர் குறித்துக்கொண்டார். அடையாள அட்டை பாக்கெட்டில் இல்லை, தங்கியிருக்கும் ஷெட்டில் இருக்கிறது. அதையும் குறித்துக்கொண்டார். தமிழ் தெரியும் என்று என்னைக் கூப்பிட்டார்கள்.

"அண்ணாச்சி, நீங்க நம்ம பக்கமா?" என் பேச்சைக் கேட்டதும் அந்த மனிதனுக்குக் கண் கலங்கிவிட்டது. "குழி தோண்டச் சொன்னாவ, தோண்டுனேன். மண்ணுக்குள்ள என்ன கெடக்குன்னு நான் எங்க பாத்தேன்?"

"பயப்படாதீரும். இங்க எத்தன நாளா வேல பாக்கேரு?"

"இந்த மைதானத்துக்குக் காலையிலதான் வந்தேன். சாயங்காலம் ஊருக்குப் போறேன்னு மேஸ்திரிகிட்ட முன்னமே சொல்லியாச்சி. நாளக் கழிச்சி எம்மவளுக்கு நிச்சயம். மாப்ள வீட்டுக்காரங்க வாராங்க அண்ணாச்சி, நான் இல்லாம எப்பிடி?"

நான் அதை மலையாளத்தில் சொன்னேன். மகளின் நிச்சயதார்த்தம் என்று சொன்னது யார் காதிலும் விழவில்லை. இன்றைக்குச் சாயங்காலமே ஊரைவிட்டுப் போகத் திட்டமிட்டிருந்தான் என்பது மட்டும் எல்லோர் காதிலும் தெளிவாக விழுந்தது. ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனார்கள். சும்மா உட்கார வைத்திருங்கள், நான் வந்து பேசிக்கொள்கிறேன் என்று ஜீப்பில் இருந்தவர்களிடம் சொன்னேன். தலையை ஆட்டினார்கள்.

மதியம் ஆனபோது டிவிக்காரர்கள் கேட்டுக்கு வெளியே நின்றார்கள். தமிழ்நாட்டைச் சேர்ந்த ஒருவர் பிடிபட்டார் என்று திரையின் அடியில் எழுத்து ஓட ஆரம்பித்துவிட்டது. பெயரும் படமும் சாயங்காலச் செய்திக்குள் கிடைக்கும் என்று யாரோ அவர்களுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். இந்தப் பக்கத்து டிவியை அந்தப் பக்கத்தில் யார் பார்க்கிறார்கள் என்று கேட்பீர்கள். படம் போனில் வந்துவிடுமே. நிச்சயத்துக்கு வரப்போகிற மாப்பிள்ளை வீட்டாருக்கு அதுதான் முதலில் வந்து சேரும்.

அப்போதுதான் நான் எக்ஸ்ரே படத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து ஊரே பார்த்துவிட்டது, தகட்டை வைத்த எனக்கு அப்போதுதான் நேரம் வாய்த்தது. ஒரு குழாய். உள்ளே மங்கலாக நிரம்பிய ஏதோ ஒன்று. இரண்டு வயர். ஒரு முனையில் அடுத்தடுத்து இரண்டு மெல்லிய வளையங்கள். நிபுணர் அந்த வளையங்களைப் பென்சிலால் சுட்டி, தயாரித்த இயக்கத்தின் ரகசியக் குறி என்று விளக்கிக்கொண்டிருந்தார்.

ஹெலிகாப்டர் சத்தம் காதில் கேட்டது. நாங்கள் அன்று தொப்பியை எடுத்தோம், குழாயை எடுக்கவே இல்லை. அது மண்ணுக்குள் ஆழமாகப் போய், இப்போது வேலிக் குழியோடு மேலே வந்திருக்கிறது.

திரும்பி சாரைப் பார்த்தேன். அவர் கூடாரத்தின் மூலையில் நின்று தலைவாரிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வாரி முடித்து அந்தப் பக்கம், மறுபடி இந்தப் பக்கம். அவ்வளவு நேரம் அவர் வாரி நான் பார்த்ததே இல்லை. படத்தைப் பார்த்த நிமிஷத்திலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று அந்தச் சீப்பு எனக்குச் சொன்னது. சீப்பைப் பாக்கெட்டில் வைத்துவிட்டு உத்தரவும் போட்டார். ரிஸ்க் எடுக்க வேண்டாம், மைதானத்தின் மூலையில் குழி வெட்டிப் பொருளை இப்போதே வெடிவைத்து அழித்துவிடலாம். நிபுணரும் தலையசைத்தார்.

விதிப்படி அது சரிதான். ஆனால் குழாய் தூளாகிவிட்டால் அது என்ன என்று பிறகு யாராலும் காட்ட முடியாது. சுடலைமுத்து வாழ்நாள் முழுக்க டெட்டனேட்டர் வைத்த ஆளாகவே இருப்பார்.

வண்டிக்குப் போனேன். பச்சை டிரங்குப் பெட்டி இருந்தது. அரசாங்கச் சாமானை வாங்குவதைவிடத் தூக்கி எறிவது கஷ்டம் என்பதால் அது எந்த வண்டி மாறினாலும் கூடவே வந்துகொண்டிருந்தது. அடியில், பழைய கையுறைகளுக்குக் கீழே, நான்கு செம்புக் குழாய்கள். ஒன்றை எடுத்துக்கொண்டு சாரைத் தண்ணீர் லாரிக்குப் பின்னால் கூப்பிட்டேன். ஜோசியம் பார்த்த அதே இடம்தான். உள்ளங்கையைத் திறந்து காட்டினேன்.

சார் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "ஆரெங்கிலும் கண்டோ?"

"இல்ல சார்."

"எங்கில் நீ மிண்டண்டா. இப்போ வெடி வச்சா தீர்ந்து." வாயைத் திறக்காதே என்கிறார்.

"நமக்குத் தீந்துரும் சார். அந்த ஆளுக்கு இப்பதான் தொடங்கும்."

"அவனெ நாளைக்கு ஞான் விடும். ப்ராமிஸ்."

"நாளைக்கு விட்டு என்ன சார் பிரயோஜனம்? சாயங்காலம் மூஞ்சி டிவியில வந்துரும். மகளுக்கு நிச்சயம்னு சொல்றான்."

"தாணு, எனிக்கு மெடல் லிஸ்டில் பேர் போயிருக்கு." இதைச் சொல்லும்போது அவர் குரல் நிஜமாகவே உடைந்தது. எனக்குக் கோபம் வந்தது. மேலதிகாரியிடம் அதுவரை நான் குரலை உயர்த்தினதில்லை, அன்றும் உயர்த்தவில்லை.

"சார், எக்ஸ்ரே மெஷின் அங்கதான் இருக்கு. நீங்க சொல்றீங்களா, இல்ல நான் இதக் கொண்டுபோய் அதுக்குப் பக்கத்துல வைக்கட்டுமா?"

சார் சீப்பை எடுத்தார். வாரவில்லை, கையில் வைத்துக்கொண்டு மட்டும் நின்றார். பிறகு என் கையிலிருந்த குழாயை வாங்கிக்கொண்டு, சட்டை மடிப்பைச் சரிசெய்து, கூடாரத்துக்குள் நடந்தார். நான் பின்னாலேயே போனேன். ஒரு மனிதன் உண்மையைச் சொல்லப்போகிற காட்சியை இந்த உத்தியோகத்தில் ஒருமுறையாவது பார்க்கலாமே என்று எனக்கு ஆசை.

சார் நேராக, ஏற்பாடுகளைப் பார்க்க வந்திருந்த ஐஜியின் முன்னால் போய் விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தார். கையிலிருந்த குழாயை மேசைமேல் வைத்தார்.

"சார், மாக் ட்ரில் கம்ப்ளீட்டட். டீம் பாஸ்."

சார் நிதானமாக விளக்கினார். பிரிவின் விழிப்பைச் சோதிக்க இந்தப் பொருளைத் தானே வடிவமைத்துத் தானே புதைத்து வைத்ததாகவும், யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் மேலிடத்துக்கும் சொல்லவில்லை என்றும், கண்டுபிடித்த வேகம் தனக்கு மிகுந்த திருப்தி அளிப்பதாகவும் சொன்னார். இதில் யோசித்துப் பார்த்தால் ஒரு பொய்யும் இல்லை. வடிவமைத்தது அவர்தான், புதைத்ததும் அவர்தான். இடையில் போன வருடங்களை மட்டும் அவர் சொல்லவில்லை. நிபுணர்தான் முதலில் கை தட்டினார். வெளிநாட்டுத் தரம் என்று தான் முன்பே சொன்னதை நினைவூட்டினார்.

"அந்தத் தமிழன்?" என்று ஐஜி கேட்டார்.

சார் ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அவனும் ட்ரில்லின்டெ பாகம் சார். டம்மி சஸ்பெக்ட்."

நான் எதிர்பார்த்தது உண்மையை. கிடைத்தது அதைவிட உபயோகமான ஒன்று. கேட்டுக்கு வெளியே போய்ப் பயிற்சி வெற்றி என்று சார் பேட்டி கொடுத்தார். படம் டிவிக்குப் போகவில்லை. பெயரும் போகவில்லை. அந்த அளவுக்கு நான் சாருக்குக் கடன்பட்டிருக்கிறேன், மறுக்கவில்லை. பிற்பாடு அவர் மெடலும் வாங்கினார்.

ஸ்டேஷனுக்கு நானே ஜீப்பை எடுத்துக்கொண்டு போனேன். சுடலைமுத்துவுக்கு ஒரு பழச்சாறு பாக்கெட் வாங்கிக் கொடுத்து வாசல் பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். பெஞ்சின் ஓரத்தில், ஒரு பக்கமாகச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். எல்லாம் பரீட்சைதான், நீங்கள் நன்றாகச் செய்தீர்கள் என்று அங்கே யாரோ அவரிடம் சொல்லி முதுகில் தட்டிக்கொடுத்திருக்கிறார்கள். தட்டிய இடத்தில் அவர் இன்னும் நெளிந்துகொண்டிருந்தார். எழுந்து வரும்போது வலது காலை இழுத்து இழுத்து வைத்தார். நான் பார்த்துவிட்டேன் என்று தெரிந்ததும் வேட்டியைக் கீழே இறக்கிவிட்டுக்கொண்டார்.

அவரை ஜீப்பில் தம்பானூருக்குக் கூட்டிக்கொண்டு போனேன். பஸ் நிலையத்தில் நாகர்கோவில் வண்டி நின்றிருந்தது. அதில் போய் அங்கிருந்து மாறிக்கொண்டால் காலைக்குள் ஊர் போய்விடலாம். கையைக் கொடுத்து ஏற்றிவிட்டேன். ஜன்னலோரம் இடம் கிடைத்தும் அவர் உட்காரவில்லை. கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றே வெளியே குனிந்தார்.

"நிச்சயத்துல பாயில சம்மணம் போட்டு உக்காரணும் அண்ணாச்சி. எப்பிடின்னு பாக்கேன்" என்றார், சிரிக்க முயன்றுகொண்டே. பிறகு, ரொம்ப நேரமாக மனதில் வைத்திருந்ததைக் கேட்கிற மாதிரி, மெல்லக் கேட்டார்.

"அண்ணாச்சி, ஒண்ணு கேட்டா கோவப்பட மாட்டியளே? குண்டும் பொய்யி. நான் குத்தவாளிங்கிறதும் பொய்யி. எல்லாம் பரீட்சைங்காவ. பொறவு அடிய மட்டும் ஏன் அண்ணாச்சி நெசமா அடிச்சாவ?"

கண்டக்டர் விசில் ஊதிவிட்டார். வண்டி நகர்ந்தது. நான் பஸ் போன திசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நாலு பேர் பார்க்கிற இடத்தில், காக்கிச் சட்டையோடு, எனக்கு அழுகை வந்தது.

குழாயைச் சுத்தம் செய்து பயிற்சிக் கூடத்தின் வாசலில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருக்கிறார்கள். சிவப்பு வெல்வெட் துணி, மேலே ஒரு சின்ன விளக்கு. பயிற்சிக்கு வருகிறவர்கள் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். அடியில் பித்தளைப் பலகையில் விவரம் எல்லாம் இருக்கிறது. வடிவமைத்தவர் பெயர், கண்டுபிடித்தவர் பெயர், பாராட்டியவர் பெயர், நாய் ராணியின் பெயர். போன மாதம் பிள்ளைகளோடு போனபோது குனிந்து முழுவதும் வாசித்தேன்.

பலகையின் கடைசி வரி: 'இப்பயிற்சியில் எவருக்கும் எவ்விதக் காயமும் ஏற்படவில்லை.'